ஜேசிபி வந்து நிற்கும் கழிமுகம்: அலையாத்திக் காடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர ஊர்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. விடியற்காலையில் கழிமுகத்து ஓரம் ஒரு ஜேசிபி வந்து நிற்கும். கேட்டால் "தூர் வாருறோம்" என்பார்கள், இல்லையென்றால் "ரோடு வருது", "கருவேலத்த எடுக்குறோம்" என்பார்கள். பொழுது சாய்வதற்குள் ஒரு ஏக்கர் கண்டல் சாய்ந்துவிடும். மறுநாள்தான் ஊருக்குள் கேள்விகள் கிளம்பும்: இதை வெட்டலாமா, யாரிடம் சொல்வது, சொன்னால் நடக்குமா?

அந்தக் கேள்விகளுக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன். நான் வக்கீலும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. டெல்டா கடற்கரையில் முழங்கால் சேற்றிலும், கலெக்டர் அலுவலக மனு வரிசையிலும் நின்று கற்றுக்கொண்டவை இவை. பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கடற்கரையை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

அலையாத்தி, கண்டல், சதுப்புநிலக் காடு, மாங்குரோவ்: எல்லாம் ஒன்றுதானா?

கிட்டத்தட்ட ஒன்றுதான். முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்தி என்பார்கள், அலையை ஆற்றுவது என்ற பொருளில். கண்டல் பழைய சொல், இலங்கையில் இன்றும் அதுதான் வழக்கு. 'சதுப்புநிலக் காடு' பாடப்புத்தகத்தில் வரும் பெயர். அது கொஞ்சம் குழப்பும், ஏனென்றால் பள்ளிக்கரணையும் சதுப்புநிலம்தான், அங்கே இந்தக் காடு இல்லை.

மரங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. தரையிலிருந்து பென்சில் நட்டதுபோல் மூச்சு வேர்கள் கிளம்பி நிற்பது வெண்கண்டல். சிலந்திக் கால்போல ஊன்றுவேர் விட்டு நிற்பது சுரபுன்னை. கிளையை ஒடித்தால் பால் வடிவது தில்லை. அந்தப் பால் கண்ணில் பட்டால் எரிந்து வீங்கிவிடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததும், நடராசர் கோயிலுக்குத் தலமரம் ஆனதும் இந்தச் சேற்று மரம்தான் என்பது அந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. பிச்சாவரத்தில் இரண்டு சுரபுன்னை இனங்கள் தாமாகக் கலந்து உருவான ஒரு வகையும் இருக்கிறது. அதன் அறிவியல் பெயரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊரில் இருப்பது வெறும் புதர் என்கிறார் ஒப்பந்தக்காரர். எப்படிக் கண்டுபிடிப்பது?

வத்தத்தில், அதாவது தண்ணீர் இறங்கிய நேரத்தில் போய்ப் பாருங்கள். சேற்றில் மூச்சு வேர் குத்திட்டு நிற்கிறதா? பால் வடியாத ஒரு இலையைப் பறித்து நக்கிப் பாருங்கள், வெண்கண்டல் இலை உப்புக் கரிக்கும். வேரில் வந்த உப்பை அது இலை வழியாக வெளியேற்றுகிறது. சுரபுன்னையாக இருந்தால் முருங்கைக்காய் அளவில் பச்சைக் குச்சிகள் கிளையிலேயே தொங்கும். அவை விதை மரத்திலேயே முளைத்து உருவான கன்றுகள், விழுந்த இடத்தில் குத்தி நின்று வேர் விடும். முள் இருந்து, மஞ்சள் நிறத்தில் காய் தொங்கினால் அது சீமைக் கருவேலம்.

இடுப்பளவு உயரத்துக்கு மேல் வளராத வெண்கண்டலும் உண்டு, உப்பு அதிகமான இடங்களில். குட்டையாக இருப்பதால் அது காடு இல்லை என்று ஆகிவிடாது.

கொஞ்சம் வெட்டினால் என்ன? நாணல்போலத் திரும்ப முளைத்துவிடாதா?

இதற்குப் பிச்சாவரமே பதில், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970-கள் வரை பிச்சாவரத்தில் வனத்துறையே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டியது. விறகுக்கும் வருவாய்க்கும்தான். வெட்டிய இடம் சில வருடத்தில் தானாகத் தழைக்கும், பிறகு திரும்ப வெட்டலாம் என்பது கணக்கு. மேட்டுநிலக் காட்டில் இந்தக் கணக்கு ஓரளவு சரி வரலாம். இங்கே வரவில்லை.

மரம் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது. காய்ந்த களிமண் சுருங்கித் தரை அமுங்கியது. காடு இருந்த இடம் நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாக ஒரு தொட்டிபோல ஆனது. ஏத்தத்தில் உள்ளே ஏறிய கடல்நீர் வத்தத்தில் வெளியே இறங்க வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆக, உப்பு மட்டும் மண்ணில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் உப்பைத் தின்று வாழும் வெண்கண்டலுக்கே பொறுக்காத அளவுக்கு உப்பு. அங்கே உமரி என்ற உப்புச்செடி மட்டும் முளைத்தது. விதை வந்து விழாமல் இல்லை. விழுந்தது, ஆனால் பிடிக்கவில்லை.

பல வருடம் இதற்கு மாடு மேய்ப்பவர்களையும் விறகு வெட்டும் ஏழைகளையும்தான் குறை சொன்னார்கள். 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இறங்கி ஆராய்ந்தபோதுதான் குற்றம் பழைய வெட்டுமுறையில் இருப்பது தெரிந்தது. மருந்தும் எளிமையானது. பள்ளத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். தண்ணீர் ஏறி இறங்க ஆரம்பித்தது, உப்பு கழுவப்பட்டது, வாய்க்கால் சரிவில் நட்ட கன்று பிடித்தது. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து முத்துப்பேட்டையிலும் இதே முறையில் வேலை பார்த்தார்கள்.

ஒரு நாளில் வெட்டியதைத் திரும்பக் கொண்டுவரப் பல வருடமும் ஒரு வாய்க்கால் வலையும் தேவைப்பட்டது. அதனால்தான் யாராவது "எத்தனை மரம் வெட்டுறாங்க?" என்று கேட்டால், "தண்ணி எந்த வழியா வருது, எந்த வழியா போகுது?" என்று நான் திருப்பிக் கேட்பது.

நாங்கள் ஒரு மரத்தையும் தொடவில்லை, கரை மட்டும்தான் போடுகிறோம் என்கிறார்களே?

வெட்டுவதைவிட இதுதான் மோசம். வெட்டினால் படம் எடுக்கலாம், புகார் கொடுக்கலாம். கரை போட்டால் காடு சத்தமில்லாமல் சாகும்.

ஒரு ஊரில் நான் கண்ணால் பார்த்தது: இரண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண் கரை, வண்டி போக வசதியாக. குறுக்கே வந்த மூன்று சிற்றோடைகளில் இரண்டுக்குக் குழாய் வைக்கவே இல்லை, மூன்றாவதற்கு வைத்த சிமெண்டுக் குழாய் ஏத்த மட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் உள்பக்கச் சேறு பாளம் பாளமாக வெடித்தது. வெடிப்புக்குள் சேற்று நத்தைகள் வாய் மூடிக் கிடந்தன. மூச்சு வேரைத் தொட்டால் சுள்ளிபோல ஒடிந்தது. கோடை முடிவதற்குள் இலை மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. அடுத்த வருடம் வந்த அதிகாரி பார்த்துவிட்டு, "இதுதான் ஏற்கெனவே பட்டுப்போன காடாச்சே" என்றார்.

மழைக்காலத்தில் நேர்மாறு. கரைக்கு உள்பக்கம் வெள்ளம் வாரக்கணக்கில் தேங்கி மூச்சு வேர்களை மூழ்கடிக்கும். அந்த வேர் காற்றை உறிஞ்சித்தான் சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு அனுப்புகிறது. மூக்கைப் பொத்தினால் நமக்கு என்ன ஆகுமோ அதுதான் மரத்துக்கும்.

ஆகவே எந்த வேலையானாலும் முதலில் கேட்க வேண்டியது குழாய், மதகு, பாலத்தின் அளவு. அது வரைபடத்தில் இருக்கிறதா, இருந்தால் எந்த மட்டத்தில் என்று கேளுங்கள்.

நன்னீருக்கும் இந்தக் காட்டுக்கும் சம்பந்தம் உண்டா? இது கடல்நீர்க் காடுதானே?

உண்டு. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இடத்தில்தான் இந்தக் காடு செழிக்கும். முத்துப்பேட்டைக் காயலுக்குப் பாமணியாறு, கோரையாறு, மரக்காக்கோரையாறு போன்ற காவிரியின் கடைசிக் கிளைகள்தான் நன்னீர் கொண்டுவருகின்றன. காவிரியில் தண்ணீர் குறையக் குறைய அங்கே உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் மிஞ்சியது, இன்று அந்தக் காட்டில் கிட்டத்தட்ட எல்லாமே அதுதான்.

சுனாமியிலும் புயலிலும் இந்தக் காடு காப்பாற்றியது உண்மையா, மிகைப்படுத்தலா?

இரண்டும் கலந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் அலையாத்திக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வுகள் வந்தன. பிறகு வேறு ஆய்வாளர்கள், அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததே முக்கியக் காரணம் என்று மறுத்தார்கள். இரண்டு பக்க வாதத்திலும் பொருள் இருக்கிறது. மரம் சுவர் இல்லை. ஆனால் வேர்களும் தண்டுகளும் அலையின் வேகத்தை உராய்ந்து குறைக்கும், அன்றாட அரிப்பிலிருந்து கரையைப் பிடித்து வைக்கும். அதை யாரும் மறுக்கவில்லை.

2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது முத்துப்பேட்டைக் காடே பலமாக அடி வாங்கியது. "காடு இருந்தால் புயல் ஒன்றும் செய்யாது" என்று மேடையில் பேசுபவர்களை நம்பாதீர்கள். அப்படிப் பேசினால் அடுத்த புயலுக்குப் பிறகு ஊரில் நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

காடு போனால் மீன்பிடிக்கு என்ன நஷ்டம்? கடல்தான் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே?

இறால், கொடுவா, மடவை, சேற்று நண்டு இவற்றின் குஞ்சுகள் பெரிய மீனுக்குத் தப்பி வளர்வது இந்த வேர்களின் இடுக்கில். உதிர்ந்த இலை மக்கி, அதைத் தின்னும் சிற்றுயிர்களைத் தின்று அவை பெருகுகின்றன. பெரிய படகு வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு உடனே உறைக்காது. படகே இல்லாதவர்களுக்கு உறைக்கும். பிச்சாவரத்தில் இருளர் குடும்பங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கின்றன. அவர்களுக்கு இந்தக் கழிதான் கடல், வேறு கடல் இல்லை.

வனவிலங்கு என்று சொல்கிறீர்கள், அங்கே புலியா இருக்கிறது?

சுந்தரவனத்தில் இருக்கிறது. கோதாவரி முகத்துவாரத்தில் உள்ள கொரிங்காவில் மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இருக்கின்றன. நம் பக்கம் பறவைதான் முக்கியம். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கொக்கு வகைகள், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் உள்ளான்கள், காயல் பக்கம் பூநாரை. கோடியக்கரைச் சரணாலயம் 2002-லேயே ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, பிச்சாவரம் 2022-ல் சேர்ந்தது.

பறவை கூடு கட்டும் மாதத்தில் வேலை தொடங்கினால் அதைப் புகாரில் தனியாகக் குறிப்பிடுங்கள். முட்டை, குஞ்சோடு கூட்டை அழிப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தனிக் குற்றம். மரத்துக்குப் பதில் சொல்லத் தயங்கும் அதிகாரி சில சமயம் கூட்டுக்குப் பதில் சொல்லிவிடுவார்.

கொசு பெருகும், பாம்பு வரும் என்று ஊர்க்காரர்களே வெட்டச் சொல்கிறார்களே?

தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் கொசு முட்டை தங்குவது கடினம், மீன்குஞ்சும் விடாது. உப்புநீரில் வாழும் கொசு வகைகள் இருப்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஊரில் கொசு திடீரென்று பெருகியிருந்தால் தண்ணீர் எங்கே மறிக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். பாம்பு இருக்கும். அதற்காகப் பயப்படுபவரைக் கேலி செய்யாதீர்கள், குழந்தைகள் போகும் பாதையில் ஒரு விளக்குப் போட ஊராட்சியில் கேளுங்கள். காட்டைக் காப்பாற்றிய பல இடங்களில் நடந்தது இதுமாதிரிச் சின்ன விட்டுக்கொடுப்புகள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? சுருக்கமாக.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 1991-ல் முதலில் வந்தது, பிறகு 2011, இப்போது 2019. ஆங்கிலத்தில் சி.ஆர்.இசட். இதில் அலையாத்திக் காடு மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில், ஒன்று-ஏ பிரிவில் வருகிறது. காட்டின் பரப்பு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளியும் அதே பிரிவு. ஏக்கரில் சொன்னால் கால் ஏக்கர் இருந்தாலே போதும்.

அந்த இடம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டிருந்தால் வனச் சட்டங்களும் சேர்ந்துகொள்ளும், வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். சிக்கல் எங்கே என்றால், ஊரோரத்துக் கண்டல் பல இடங்களில் வனத்துறையிடம் இல்லை, வருவாய்த் துறையின் புறம்போக்கில் இருக்கும். வனக்காவலர் "எங்க லிமிட் இல்லீங்க" என்பார், கிராம நிர்வாக அலுவலர் "மரம்னா ஃபாரஸ்ட்ல கேளுங்க" என்பார். இதைத் தாண்டுவதற்குத்தான் சி.ஆர்.இசட். நிலம் யாருடையதானாலும் அது பொருந்தும்.

வேறு மாநிலத் தீர்ப்பு ஒன்றும் கையில் இருக்கட்டும். 2018 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், அலையாத்திக் காட்டை அழிப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையை மீறுவது என்றது. பரப்பு எவ்வளவானாலும் பாதுகாப்பு உண்டு என்றும் சொன்னது. அது நம் மாநிலத்தைக் கட்டாயம் கட்டுப்படுத்தாது என்றாலும் மனுவில் காட்டலாம்.

பட்டா நிலத்தில் முளைத்த கண்டலை உடைமையாளர் வெட்டலாமா?

கூடாது. 2019 அறிவிக்கை தனியார் நிலத்துக்கு 50 மீட்டர் இடைவெளியில் மட்டும்தான் விலக்கு கொடுத்தது. காட்டுக்கே விலக்கு கொடுக்கவில்லை. இதைத் தெரிந்தே குழப்பிப் பேசுபவர்கள் உண்டு.

அரசுத் திட்டமே வருகிறது. சாலை, மின்கோபுரம், மீன் இறங்குதளம். எதிர்க்க முடியுமா?

எல்லாவற்றையும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். மீன் இறங்குதளம் கேட்டு ஊரே பத்து வருடமாக மனு கொடுத்திருக்கும். கேட்க வேண்டியது வேறு இடம் உண்டா, அகலத்தைக் குறைக்க முடியுமா, மண் கொட்டுவதற்குப் பதில் தூண் மேல் கட்ட முடியுமா என்பது. ஒன்று-ஏ பிரிவில் மண் நிரப்பிச் சாலை போடுவது பாதுகாப்புத் துறை, பொதுப் பயன்பாடு போன்ற விதிவிலக்கான காரணங்களுக்கு மட்டும்தான். அதற்கும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரையும் மத்திய அமைச்சகத்தின் ஒப்புதலும் வேண்டும்.

கேட்டால் குறையும் என்பதற்கு மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் ஒரு எடுத்துக்காட்டு. முதலில் 53,000-க்கு மேல் அலையாத்தி மரங்களை வெட்டுவதாகத் திட்டம். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தபோது எண்ணிக்கை சுமார் 22,000 ஆகியிருந்தது. மகிழ்ச்சிப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் முதல் வரைபடத்தில் தண்டனைபோல எழுதியிருப்பதெல்லாம் கடைசிச் சொல் இல்லை.

இறால் பண்ணைக்கு என்ன விதி?

இதற்கான முக்கிய வழக்கே நம் ஊர்க்காரர் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தஞ்சைக் கடற்கரைப் பண்ணைகளை எதிர்த்துப் போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் வயலுக்கும் குடிநீருக்கும் உப்பு ஏறுவதைக் கண்டு இறங்கியவர்கள். 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பின் வீச்சைக் குறைத்துவிட்டது, 2023-ல் மீண்டும் திருத்தினார்கள்.

இருந்தாலும் இரண்டு பிடி மிச்சம். பண்ணை அந்த ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் அலையாத்திக் காட்டைப் பண்ணையாக மாற்றுவதை அனுமதிக்கவில்லை. ஆகவே முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பல இடங்களில் உரையாடல் அதோடு முடிந்துவிடும்.

ஒன்று வெட்டினால் மூன்று நடுவோம் என்கிறார்கள். நல்லதுதானே?

மூன்று மடங்கு என்பது சாலைத் திட்டங்களுக்கு அறிவிக்கையிலேயே இருக்கும் நிபந்தனை. காகிதத்தில் அழகாக இருக்கும். இலங்கையில் சுனாமிக்குப் பிறகு ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் கண்டல் நட்டார்கள். 23 இடங்களைப் பின்னர் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது ஒன்பதில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் பிழைத்திருந்தது. தவறான உயரத்தில், தவறான இனத்தை நட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனதன் விளைவு.

இன்னொரு கொடுமை, நடுவதற்கு வெற்றிடம் வேண்டும் என்று பறவைகள் இரை தேடும் சேற்று வெளியிலும் கடற்புல் மேலும் கொண்டுபோய்க் குத்துவது. அங்கே மரம் இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஈடாக நடுவதாகச் சொன்னால் கேளுங்கள்: எந்தப் புல எண்? அங்கே முன்பு காடு இருந்ததா? தண்ணீர் எப்படி வரும்? மூன்றாம் வருடம் யார் எண்ணுவார்கள்? மத்திய அரசு 2023-ல் தொடங்கிய மிஷ்டி என்ற அலையாத்தி வளர்ப்புத் திட்டம் ஐந்து வருடத்தில் 540 சதுர கிலோமீட்டர் என்று இலக்கு வைத்தது. நாட்டின் மொத்தமே 2021 வன அறிக்கைப்படி 4,992 சதுர கி.மீ., தமிழ்நாட்டுக்கு வெறும் 45. இவ்வளவு கொஞ்சம் வைத்திருப்பவர்கள் இருப்பதைக் கொடுத்துவிட்டு வரப்போவதை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்று காலை ஜேசிபி வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

ஓட்டுநரிடம் சண்டை போடாதீர்கள். அவர் மணிக்கணக்குக் கூலிக்கு வந்தவர்.

தேதி, நேரம், இடக்குறி பதியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். வெட்டிய மரத்தை மட்டும் எடுக்காமல் வெட்டாத மரத்தையும், ஓடையையும், வண்டியின் எண்ணையும் எடுங்கள். பின்னால் ஒரு கோயில் கோபுரமோ மின்கம்பமோ தெரிந்தால் நல்லது, இடத்தை யாரும் மறுக்க முடியாது. பழைய செயற்கைக்கோள் படத்தில் அதே இடம் பச்சையாக இருப்பதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

அதே நாளில் எழுத்தில் புகார் போக வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கு (மாவட்ட அளவிலான கடலோர மண்டலக் குழுவுக்குத் தலைவர் அவர்தான்), மாவட்ட வன அலுவலருக்கு, சென்னையில் உள்ள மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு. முதல்வரின் உதவி எண் 1100-லும் பதியலாம், எண் கிடைக்கும். திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பிறகு எல்லாமே அந்தச் சீட்டில்தான் தொங்கும்.

புகாரில் "இயற்கை அன்னை கதறுகிறாள்" என்றெல்லாம் வேண்டாம். புல எண், கிராமம், எத்தனை மணிக்கு எந்த ஓடை எத்தனை அடி மறிக்கப்பட்டது, இவை போதும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு நகலும் புல வரைபடமும் கேளுங்கள். ஓடை என்று அதில் கோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அனுமதி வாங்கிவிட்டோம் என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. 30 நாளில் பதில் வர வேண்டும். "அனுமதி உண்டா?" என்று கேட்காதீர்கள், "ஆம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அனுமதி ஆணையின் நகல், நிபந்தனைகளின் பட்டியல், இணைத்த வரைபடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை என்று ஆவணத்தைக் கேளுங்கள். மத்திய அனுமதியாக இருந்தால் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலேயே தேடலாம்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக லட்சக்கணக்கில் ஆகுமா?

ஆகாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், ஆனால் ஒருவர் உடன் இருந்தால் நல்லது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், காலக்கெடு. வேலை தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். கொடுத்த அனுமதியையே எதிர்ப்பதென்றால் 30 நாள்தான், அதற்கும் 60 நாள் நீட்டிப்பு. "பேசிப் பார்க்கலாம், தேர்தல் முடியட்டும்" என்று இருந்து நல்ல வழக்கைக் காலாவதி ஆக்கியவர்களை எனக்குத் தெரியும். ஒருமுறை நானும் அதில் ஒருவன்.

சீமைக் கருவேலத்தை எடுக்க வேண்டியதுதானே? அதையும் தடுப்பீர்களா?

எடுக்கட்டும். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு ஊர் ஊராக அந்த வேலை நடந்தது, பல இடங்களில் நன்மைதான். ஆனால் ஜேசிபி கைக்குக் கருவேலமும் கண்டலும் ஒன்று. ஏத்தம் தொடும் கோட்டுக்குக் கீழே இயந்திரம் இறங்கக் கூடாது, அங்கே கருவேலம் இருந்தால் ஆள் வைத்து வெட்ட வேண்டும் என்று வேலை ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்தினம் கண்டல் மரங்களில் ஊர் இளைஞர்கள் சிவப்புத் துணி கட்டிவைத்த இடத்தில் ஒரு மரமும் போகவில்லை. செலவு, பழைய புடவை இரண்டு.

விறகுக்கு வெட்டுகிறவர்கள், ஆடு மேய்ப்பவர்கள்?

கன்று நட்ட இடத்தில் முதல் சில வருடம் ஆடுமாடு வராமல் பார்க்க வேண்டும், அது உண்மை. மற்றபடி தலைச்சுமை விறகுக்குப் பயந்து வேலி போட்டுவிட்டு, பின்பக்கம் லாரி மண்ணுக்கு வழி விடும் கூத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன். காட்டைக் காப்பதற்கு அந்த விறகுக்காரப் பெண்கள்தான் முதல் சாட்சி. எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் நின்றுபோனது என்று அவர்கள் சொல்வதை எந்தத் துறையும் எழுதி வைத்திருக்காது.

படகுச் சுற்றுலா காட்டைக் காக்குமா, கெடுக்குமா?

துடுப்புப் படகு, ஊர்க்காரர் கையில் வருமானம் என்றால் காக்கும். ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் மீனவக் குடும்பங்களை வைத்து வனத்துறை நடத்துவது அந்த வகை. பெரிய மோட்டாரும் ஒலிபெருக்கியும் வந்தால் கரை அரிக்கும், பறவை இடம் மாறும்.

புகாரில் வேலை நின்றுவிட்டது. அடுத்து என்ன?

வேலை நின்றாலும் கரை அப்படியே நிற்கும். பல ஊர்கள் கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போவது இங்கேதான். தடை ஆணையோடு, போட்ட மண்ணை எடுத்து ஓடையைப் பழைய அகலத்துக்குத் திறந்துவிடவும் ஆணை கேளுங்கள். கிராம சபையில் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) ஓடையின் பெயரோடும் புல எண்ணோடும் தீர்மானம் போடுங்கள்.

கரையை வெட்டும் இடத்தை மீனவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அமாவாசையை ஒட்டிய பெரிய ஏத்தத்தில் தண்ணீர் முதலில் எந்த மூலையில் முட்டுகிறதோ, அங்கே வெட்ட வேண்டும். முன்னே சொன்ன அந்தச் செம்மண் கரையை ஒன்றரை வருடம் கழித்து இரண்டு இடத்தில் திறந்தார்கள். உள்பக்கம் பெரும்பாலும் பட்ட மரங்கள். திறந்த மூன்றாம் நாள் போனபோது வெடித்த சேறு மூடிக்கொண்டிருந்தது, ஓடை வாயில் விரல்நீள மடவைக் குஞ்சுகள் கூட்டமாக நின்றன. கன்று எதுவும் நடவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு எண்ணியபோது ஓடை ஓரத்தில் மட்டும் நாற்பத்தொரு வெண்கண்டல் முளைகள் இருந்தன.